படம் எங்கும் போகவில்லை: போட்டோ மென்பொருள் தகராறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

முதலில் என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடந்த ஃபோல்டர்களை எல்லாம் வருட வாரியாக அடுக்கி வைத்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. மாலையில் போட்டோ மென்பொருளைத் திறந்தால், ஆறாயிரத்துச் சொச்சம் படங்களின் மேலும் ஆச்சரியக்குறி. பதறிப்போய் 'காணாமல் போனவற்றை நீக்கு' என்ற பொருளில் இருந்த ஒரு மெனுவை அழுத்தினேன். குறிகள் மறைந்தன. கூடவே நட்சத்திர மதிப்பீடுகள், குறிச்சொற்கள், எடிட்கள் என்று மூன்று வருட வேலையும் மறைந்தது. படங்கள் மட்டும் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. அவை எங்கும் போகவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

அன்றிலிருந்து எந்தத் தகராறு வந்தாலும் கை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: கோளாறு படத்திலா, படத்தைப் பற்றி மென்பொருள் எழுதி வைத்திருக்கும் பதிவேட்டிலா, அல்லது திரையில் காட்டும் விதத்திலா? லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம், டார்க்டேபிள் மாதிரியான மென்பொருள்கள் உங்கள் படத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்வதில்லை. படம் இன்ன டிரைவில், இன்ன ஃபோல்டரில், இன்ன பெயரில் இருக்கிறது என்று ஒரு தரவுதளத்தில் குறித்துக்கொள்கின்றன. லைட்ரூமில் எடிட்களும் அங்கேதான் பதிவாகின்றன. நூலகத்தில் புத்தகம் அலமாரியில், அட்டை மேசை டிராயரில் இருந்த மாதிரி. அட்டை தொலைந்தால் புத்தகம் தொலைந்ததாக அர்த்தமில்லை.

எது கெட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். மென்பொருளை மூடிவிட்டு, கம்ப்யூட்டரின் சாதாரண ஃபைல் மேலாளர் வழியாக அந்தப் படத்தைத் தேடித் திறங்கள். சரியாகத் திறந்தால் படம் நலம், பதிவேட்டைப் பாருங்கள். அங்கேயும் திறக்காவிட்டால் கோப்பில்தான் சிக்கல் இருக்கும். இந்தக் கணினியில் மட்டும் விசித்திரமாகத் தெரிந்து, அதையே போனுக்கு அனுப்பிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது என்றால், திரையைச் சந்தேகிக்கலாம். இது தெரியும்வரை 'டெலீட்', 'ரிமூவ்', 'ரீபில்ட்' எதையும் தொடாதீர்கள். இனி அறிகுறிகள்.

சிறுபடம் தெரிகிறது, திறந்தால் 'கோப்பு காணவில்லை'

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். அதிகம் பேர் மாட்டுவதும் இதில்தான். லைட்ரூம் கிளாசிக்கில் படத்தின் மூலையில் ஆச்சரியக்குறியும் ஃபோல்டர் மேல் கேள்விக்குறியும் வரும். டார்க்டேபிள் ஒருபடி மேலே போய் மண்டை ஓடு காட்டும். பயந்துவிடாதீர்கள். பதிவேட்டில் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய்த் தட்டினால் ஆள் இல்லை என்பதைத்தான் இரண்டும் சொல்கின்றன.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மென்பொருளுக்கு வெளியே நீங்கள் ஃபோல்டரை நகர்த்தியிருப்பீர்கள், அல்லது பெயர் மாற்றியிருப்பீர்கள். இல்லையென்றால், வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகும்போது விண்டோஸ் அதற்கு வேறு எழுத்துக் கொடுத்திருக்கும். நேற்று இ டிரைவாக இருந்தது இன்று எஃப் டிரைவ் ஆகியிருக்கும்.

இரண்டாவதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் தீர்வு மிகச் சுலபம். எல்லாப் படங்களும் ஒரே சமயத்தில் காணாமல் போயிருந்தால் அநேகமாக இதுவே. விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பக்கத்தைத் திறந்து, அந்த டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் தெரிவுக்குப் போய், பழைய எழுத்தையே கொடுங்கள். மென்பொருளை மறுபடி திறந்தால் அத்தனை கேள்விக்குறியும் ஒரே மூச்சில் போய்விடும். பட்டியலின் கடைக்கோடியில் உள்ள எழுத்து ஒன்றை அந்த டிஸ்க்குக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்பி வருவது அபூர்வம்.

ஃபோல்டரை நகர்த்தியதுதான் காரணம் என்றால், அதைப் பழைய இடத்துக்கே திருப்பி நகர்த்துவது ஒரு வழி. எதை எங்கே வைத்தோம் என்று நினைவில்லாதவர்கள் புதிய இடத்தை மென்பொருளுக்குக் காட்டிக் கொடுக்கலாம். லைட்ரூம் கிளாசிக்கில் கேள்விக்குறி உள்ள ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்'. மேல்மட்ட ஃபோல்டரிலிருந்து ஆரம்பியுங்கள். தாய் ஃபோல்டரைக் காட்டிவிட்டால் உள்ளே இருக்கும் குட்டி ஃபோல்டர்கள் தாமாகவே சேர்ந்துவிடும். ஒற்றைப் படம் மட்டும் காணோம் என்றால் அதன் ஆச்சரியக்குறியைக் கிளிக் செய்து 'லொகேட்' கொடுங்கள். 'பக்கத்தில் காணாமல் போன மற்ற படங்களையும் தேடு' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்துவிட்டால் ஒன்று ஒன்றாகக் காட்டும் வேலை மிச்சம். டார்க்டேபிளில் ஃபிலிம் ரோல் (ஃபோல்டருக்கு அது வைத்திருக்கும் பெயர்) பட்டியலில் வலது கிளிக் செய்தால் இதே வேலைக்கு வழி உண்டு. டிஜிகேமில் செட்டிங்ஸ் உள்ளே 'கலெக்ஷன்ஸ்' பகுதியில் பாருங்கள்.

செய்யக்கூடாத இரண்டு உண்டு. ஒன்று, நான் செய்தது. இன்னொன்று, காணாமல் போன படங்களைப் புதிய இடத்திலிருந்து மறுபடி இம்போர்ட் செய்வது. இது நல்ல யோசனை மாதிரித் தோன்றும். ஆனால் அப்படி வருபவை எடிட்டும் குறிச்சொல்லும் இல்லாத புத்தம் புதுப் பதிவுகள். பழைய பதிவுகள் கேள்விக்குறியோடு பக்கத்திலேயே நிற்கும். அப்புறம் இரண்டையும் சேர்ப்பது பெரும்பாடு. நகர்த்த வேண்டியிருந்தால் மென்பொருளுக்கு உள்ளேயே, அதன் ஃபோல்டர் பட்டியலில் இழுத்துப் போடுங்கள். அது டிஸ்க்கிலும் நகர்த்தும், பதிவேட்டிலும் திருத்திக்கொள்ளும்.

தேதி தப்பாக வருகிறது, படங்கள் கலைந்து கிடக்கின்றன

ஒரு படத்துக்குக் குறைந்தது இரண்டு தேதிகள் உண்டு. கேமரா படத்துக்குள்ளேயே எழுதும் எக்ஸிஃப் தேதி ஒன்று. அதுதான் எடுத்த நேரம். கோப்பு உருவான அல்லது மாறிய தேதி மற்றொன்று. அது கணினி வைத்துக்கொள்வது, காப்பி அடித்தாலே மாறலாம். எக்ஸிஃப் தேதி இருந்தால் மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கோப்பின் தேதியில் தொங்கிக்கொள்ளும். பத்து வருடப் பழைய படங்கள் எல்லாம் நேற்றைய தேதியில் வரிசை கட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது.

வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் எக்ஸிஃப் விவரம் உதிர்ந்துபோயிருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பின் பெயரிலேயே வருடம், மாதம், நாள் எட்டு இலக்கங்களாக இருக்கும். 20230514 என்றிருந்தால் 2023 மே 14. அது படம் உங்களிடம் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றுமில்லாததற்கு அது தேவலை. பெயரில் உள்ள தேதியை எக்ஸிஃப்புக்குள் மொத்தமாக எழுத எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கட்டளை தட்டச்சு செய்து ஓட்ட வேண்டியது என்பதால் சிலருக்குக் கசக்கும். ஆனால் இந்த வேலைக்கு அதைவிட நம்பகமான ஒன்றை நான் பார்த்ததில்லை. முதலில் பத்துப் படங்களைத் தனி ஃபோல்டரில் காப்பி எடுத்துப் பரிசோதியுங்கள்.

கூகுள் போட்டோஸிலிருந்து 'டேக்அவுட்' மூலம் மொத்தமாக இறக்கியவர்களுக்கு வேறு மாதிரிச் சங்கடம். ஒவ்வொரு படத்தோடும் ஜேசான் என்ற சிறு கோப்பு ஒன்று வரும். பலர் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். நீங்கள் கூகுள் போட்டோஸில் உட்கார்ந்து திருத்திய தேதி, எழுதிய விளக்கம் எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது; படத்துக்குள் இல்லை. எக்ஸிஃப்டூலுக்கு அதையும் படித்துப் படத்துக்குள் எழுதத் தெரியும்.

தேதி இருக்கிறது, ஆனால் தவறு என்பது அடுத்த வகை. கேமராவின் பேட்டரி நெடுநாள் தீர்ந்து கிடந்து, கடிகாரம் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி 1 என்று புதிதாகத் தொடங்கியிருக்கும். அல்லது பயணத்தில் நேர மண்டலத்தை மாற்ற மறந்திருப்பீர்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு கேமராக்களில் எடுத்திருந்தால் இது இன்னும் எரிச்சல்: ஒன்றில் விழா முடிகிறது, மற்றொன்றில் அப்போதுதான் தொடங்குகிறது.

இதைச் சரிசெய்வது எனக்குப் பிடித்த வேலை. கடிகாரம் எவ்வளவு தப்பாக ஓடினாலும் ஒரே சீராகத்தான் தப்பியிருக்கும். ஆகவே ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும். கேமராவின் கடிகாரத்தில் இன்னும் கை வைக்கவில்லை என்றால், அதே கேமராவால் போன் திரையில் ஓடும் கடிகாரத்தை ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரியும் போன் நேரம் 10:42:15 என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தின் எக்ஸிஃப் நேரம் 09:35:08. வித்தியாசம் 1 மணி 7 நிமிடம் 7 நொடி. அந்தக் கேமராவில் எடுத்த எல்லாப் படங்களையும் இவ்வளவு முன்னால் தள்ள வேண்டும். நொடி வரை பார்ப்பது வீம்புக்காக இல்லை. இரண்டு கேமராப் படங்களும் வரிசையில் பின்னிக்கொள்ள அந்த ஏழு நொடிகூடத் தேவைப்படும்.

லைட்ரூம் கிளாசிக்கில் படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, நேரம் தெரிந்த படம் முன்னணியில் இருக்கும்படி வைத்துக்கொண்டு, 'மெட்டாடேட்டா' மெனுவில் 'எடிட் கேப்சர் டைம்' கொடுங்கள். அந்த ஒரு படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தால் மற்றவை அதே அளவு நகரும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆப்பிள் போட்டோஸில் 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' இப்படியே நடந்துகொள்ளும்.

வீடியோக்கள் மட்டும் பல மணி நேரம் தள்ளி நின்றால் அது வேறு விஷயம். எம்பி4, எம்ஓவி வகைக் கோப்புகளில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. சில கேமராக்கள் அதை மதிப்பதில்லை, உள்ளூர் நேரத்தையே எழுதிவிடுகின்றன. வித்தியாசம் உங்கள் நேர மண்டலத்தின் அளவுக்குச் சரியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். வீடியோக்களை மட்டும் பொறுக்கி அந்த அளவுக்கு நகர்த்துங்கள். படங்களின் எக்ஸிஃப்பிலோ நேர மண்டலம் எழுதவே நெடுநாள் இடம் இருக்கவில்லை. 2016இல் வந்த 2.31 பதிப்பில்தான் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கினார்கள்.

கேட்டலாக் திறக்க மறுக்கிறது

பதிவேட்டுக்கு லைட்ரூம் வைத்திருக்கும் பெயர்தான் கேட்டலாக். 'வேறொரு மென்பொருள் இதைத் திறந்து வைத்திருக்கிறது' என்று செய்தி வந்தால், போன முறை கணினி திடீரென அணைந்திருக்கும். மென்பொருள் வேலை செய்யும்போது கேட்டலாக்குக்குப் பக்கத்தில் 'லாக்' என்று முடியும் பூட்டுக் கோப்பு ஒன்றை வைக்கும், மூடும்போது எடுத்துவிடும். எடுப்பதற்குள் மின்சாரம் போனால் பூட்டு அங்கேயே கிடக்கும். மென்பொருள் உண்மையிலேயே ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்குங்கள்.

'மட்டும்' என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. லைட்ரூமின் கேட்டலாக் உண்மையில் ஒரு எஸ்க்யூலைட் தரவுதளம். அதன் பக்கத்தில் 'வால்' அல்லது 'ஜர்னல்' என்று முடியும் கோப்பு இருந்தால், அது கேட்டலாக்குக்குள் இன்னும் போய்ச் சேராத கடைசி நேர மாற்றங்களை வைத்திருக்கலாம். பூட்டு என்று நினைத்து அதையும் அழித்தால் அந்த வேலை போயிற்று. சில சமயம் கேட்டலாக்கே பழுதாகிவிடும். அந்தக் கோப்பை விட்டுவைத்தால், அதில் உள்ள மாற்றங்களை அடுத்த முறை திறக்கும்போது மென்பொருளே உள்ளே எடுத்துக்கொள்ளும்.

'கேட்டலாக் சேதமடைந்துள்ளது' என்றே செய்தி வந்தால் முதல் வேலையாக மொத்தக் கேட்டலாக் ஃபோல்டரையும் அப்படியே வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். பிறகு மென்பொருள் சொல்லும் பழுதுபார்ப்பை ஓட விடுங்கள். சரியாகவில்லையா, கேட்டலாக்குக்குப் பக்கத்தில் உள்ள 'பேக்கப்ஸ்' ஃபோல்டரில் போய்ப் பாருங்கள். மென்பொருளை மூடும்போது அவ்வப்போது 'பேக்கப் எடுக்கவா?' என்று கேட்கும் அந்தச் சின்னப் பெட்டியை 'பிறகு' என்று தட்டிக் கழித்தவர்களுக்கு இங்கே ஒன்றும் இருக்காது. அந்த பேக்கப்பில் பதிவேடு மட்டுமே உண்டு, படங்கள் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

ரா படம் திறந்ததும் பளிச், ஒரு நொடியில் மங்கல்

கோளாறே இல்லாமல் அதிகம் பேரைக் கலங்கடிக்கும் விஷயம் இது. ரா என்பது கேமரா பதிவு செய்ததைச் சமைக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு. அதற்குள் கேமராவே தயாரித்த ஒரு ஜேபெக் முன்னோட்டம் ஒளிந்திருக்கும். மென்பொருள் முதலில் அதைத்தான் காட்டுகிறது. பிறகு ரா தரவைத் தானே சமைத்துக் காட்டுகிறது. கேமரா போட்ட மசாலா, அதாவது அதன் நிறச் சாயல், கான்ட்ராஸ்ட், நிழலை வெளுக்கும் தந்திரம், இவற்றில் பலதும் இந்தச் சமையலில் கிடையாது. நீங்கள் பார்த்த மாற்றம் அதுதான், படம் கெட்டுப்போகவில்லை.

லைட்ரூமில் 'டெவலப்' பகுதிக்குப் போய் 'ப்ரொஃபைல்' பட்டியலில் 'கேமரா மேட்சிங்' வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கேமராத் திரையில் பார்த்ததற்கு வெகு அருகில் வந்துவிடும். அதையே இம்போர்ட் செய்யும்போது தானாகப் போடும்படி அமைத்துக்கொள்ளலாம். அப்படியும் நிழல்கள் இருட்டாக இருந்தால் கேமராவில் நிக்கானின் 'ஆக்டிவ் டி-லைட்டிங்', கேனனின் 'ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர்' மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அவை ஓடும்போது கேமராத் திரையில் நிழல்கள் தூக்கிவிடப்பட்டுத் தெரியும். வெளி மென்பொருள் அந்தத் தூக்கலை அறியாது. ரா எடுப்பவர்கள் அதை அணைத்து வைப்பதே என் கட்சி.

மென்பொருளில் ஒரு நிறம், வெளியே வேறு நிறம்

எக்ஸ்போர்ட் செய்த படம் போனிலோ இணையத்திலோ வெளிறிப்போய்த் தெரிந்தால் எக்ஸ்போர்ட் பெட்டியில் 'கலர் ஸ்பேஸ்' என்ன என்று பாருங்கள். அடோபி ஆர்ஜிபி, ப்ரோபோட்டோ ஆர்ஜிபி என்று இருந்தால் விஷயம் முடிந்தது. அந்த நிறவெளிகள், அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லைகள், பெரியவை. எந்த நிறவெளி என்று படத்தோடு வரும் குறிப்பை, அதாவது ப்ரொஃபைலை, மதிக்காத செயலி அந்த எண்களைச் சின்ன நிறவெளியின் எண்களாகப் படித்து நிறத்தை வடித்துவிடும். எஸ்ஆர்ஜிபி என்று மாற்றி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நுட்பமாக யோசித்துப் பெரிய நிறவெளியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் இதில் விழுகிறார்கள். ஒன்றையும் தொடாதவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

எல்லாப் படங்களும், வெள்ளைப் பின்னணி உட்பட, மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் 'நைட் லைட்' மாதிரி இரவு நேர வசதி ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த எளிய விஷயத்தைப் பார்க்காமல் நான் ஒருமுறை அரை நாள் கழித்திருக்கிறேன். அதுவும் இல்லை, இணைய உலாவியில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, படம் காட்டும் மென்பொருளில் மட்டும் மஞ்சள் என்றால், மானிட்டரின் நிற ப்ரொஃபைல் கெட்டிருக்கும். விண்டோஸில் 'கலர் மேனேஜ்மென்ட்' திறந்து, மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'இந்தச் சாதனத்துக்கு என் அமைப்பைப் பயன்படுத்து' என்பதில் டிக் செய்து, எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலைச் சேர்த்து இயல்புநிலையாக வையுங்கள். மென்பொருளை மூடித் திறந்தால் வித்தியாசம் தெரியும்.

கோப்பு இருக்கிறது, மென்பொருளுக்குப் படிக்கத் தெரியவில்லை

ஐபோன் படங்கள் விண்டோஸில் திறக்கவில்லை என்றால் அவை எச்இஐசி வடிவத்தில் இருக்கும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இப்படி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'ஹெயிஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' நிறுவினால் பெரும்பாலும் தீரும். அதன் பிறகும் அடம்பிடித்தால் 'எச்இவிசி' நீட்டிப்பும் தேவை. இனிமேல் வேண்டாம் என்பவர்கள் போனில் கேமரா அமைப்பில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றலாம். படங்கள் ஜேபெக் ஆகும், கூடுதல் இடம் பிடிக்கும்.

புதுக் கேமராவின் ரா திறக்கவில்லை என்றால் உங்கள் மென்பொருள் கேமராவைவிட வயதானது. கேனன் 2018இல் சிஆர்3 வடிவத்துக்கு மாறியபோது பழைய பதிப்பு வைத்திருந்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்தார்கள். பதிப்பை உயர்த்த முடியாவிட்டால் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் கொடுத்து டிஎன்ஜி என்ற பொது ரா வடிவமாக மாற்றுங்கள். மூல ரா கோப்பை அழிக்க வேண்டாம்.

படத்தின் கீழ்ப்பாதி சாம்பல், அல்லது பட்டை பட்டையாக

இங்கே கோப்பே காயப்பட்டிருக்கிறது. பதிவேட்டைக் குடைவதில் பயனில்லை. ஜேபெக் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால், காப்பி ஆகும்போது கார்டைப் பிடுங்கினால் வந்து சேர்ந்தவரை படம், மீதி சாம்பல்.

மெமரி கார்டை இன்னும் ஃபார்மட் செய்யவில்லை என்றால் அதைக் கேமராவிலிருந்து எடுத்து மேசை மேல் வையுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். வேறு கார்டு ரீடர், வேறு யூஎஸ்பி துளை வழியாக மறுபடி காப்பி அடித்துப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி ரீடர்தான். கார்டில் படமே தெரியாவிட்டால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடலாம். மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும். பழைய பெயர்கள் திரும்பி வராது, எண்களாகத்தான் வரும். அப்போது எக்ஸிஃப் தேதி கை கொடுக்கும்.

குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எடுத்த படங்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் கெட்டால் கார்டு போலியாக இருக்கலாம். மேலே எழுதியிருக்கும் கொள்ளளவுக்கும் உள்ளே இருக்கும் சிப்புக்கும் சம்பந்தம் இருக்காது. எஃப்3 மாதிரி இலவசச் சோதனைக் கருவிகள் கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

எடிட் செய்தேன், வேறு மென்பொருளில் அது இல்லை

இருக்காது. எடிட்கள் கேட்டலாக்கில் இருக்கின்றன, படத்துக்குள் இல்லை. மாற்றங்களோடு படம் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். குறிச்சொல், நட்சத்திரம் மட்டும் வெளியே தெரிந்தால் போதும் என்றால் லைட்ரூமில் படங்களைத் தேர்ந்து கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்துங்கள். ஜேபெக் என்றால் கோப்புக்குள்ளேயும், கேமரா ரா என்றால் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பிலும் எழுதப்படும். டிஜிகேமில் இதற்கு மெட்டாடேட்டா அமைப்பில் தெரிவு உண்டு. முதல் நாளே போட்டு வையுங்கள். கேட்டலாக் மொத்தமும் போனாலும் குறிச்சொற்களாவது பிழைக்கும். ஆறாயிரம் படங்களுக்கு மறுபடி குறிச்சொல் போட்டவன் சொல்கிறேன்.

கூகுளின் பழைய போட்டோ மென்பொருளான பிக்காசா காலத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் 2016 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. அதில் செய்த எடிட்கள் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் ஐஎன்ஐ கோப்பில் இருக்கின்றன. பிக்காசாவில் 'சேவ்' கொடுத்திருந்தால் மூலப் படம் 'பிக்காசாஒரிஜினல்ஸ்' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் போயிருக்கும். பழைய டிஸ்க்கிலிருந்து காப்பி அடிக்கும் முன் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வையுங்கள். எடிட் செய்து சேமித்த படங்கள் மட்டும் வந்து, நல்ல மூலங்கள் பழைய டிஸ்க்கோடு குப்பைக்குப் போன வீடுகள் உண்டு.

ஒரே படம் இரண்டு மூன்று தடவை

ரா, ஜேபெக் சேர்த்து எடுப்பவரா? அப்படியானால் அவை இரட்டைகள் இல்லை, ஜோடி. மென்பொருள் அமைப்பில் இரண்டையும் ஒன்றாகக் கருதச் சொல்லலாம். நிஜமாகவே இரட்டிப்பு என்றால், பெயரையும் அளவையும் வைத்து அழிக்காதீர்கள். கேமரா எண் 9999 தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், ஆகவே ஒரே பெயரில் வேறு படங்கள் இருக்கும். டிஜிகேமின் இரட்டைத் தேடல் படத்தின் தோற்றத்தையே ஒப்பிடும். ஒன்றை வைத்துக்கொள்வதானால் எக்ஸிஃப் உள்ளதை வையுங்கள். எக்ஸிஃப் இல்லாதது ஏதோ ஒரு செயலி வழியாகச் சுற்றி வந்த காப்பி.

படம் படுத்துக் கிடக்கிறது

கேமரா படத்தைத் திருப்புவதில்லை. 'இப்படித் திருப்பிக் காட்டு' என்று 1 முதல் 8 வரை ஒரு எண்ணை எக்ஸிஃப்பில் எழுதுகிறது. ஒரு மென்பொருள் அந்தக் குறிப்பைப் படிக்கிறது, மற்றொன்று படிப்பதில்லை. படிக்காததில் நீங்கள் திருப்பினால், படிப்பதில் இருமடங்கு திரும்பும். எக்ஸிஃப்டூல் அல்லது டிஜிகேமால் குறிப்பை 1 ஆக்கிவிட்டு, படத்தையே நிஜமாகத் திருப்பிச் சேமித்தால் சண்டை ஓயும்.

ரொம்ப மெதுவாக இருக்கிறது

கேட்டலாக் உள்ள டிரைவில் இடம் மீதி இருக்கிறதா பாருங்கள். கேட்டலாக்கை எஸ்எஸ்டியில் வையுங்கள், படங்கள் சாதா டிஸ்க்கில் இருந்தாலும் பாதகமில்லை. எடிட் செய்யும்போது மட்டும் திணறினால், கிராஃபிக்ஸ் கார்டு உதவியை அணைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் கார்டின் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். சிறுபடங்கள் கறுப்பாகவோ தாறுமாறாகவோ வந்தால் தம்ப்நெயில் தற்காலிகச் சேமிப்பை மட்டும் அழித்து மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். அதை அழிப்பதில் ஆபத்து இல்லை, நேரம்தான் போகும்.

போனில் அழித்தேன், எல்லா இடத்திலும் போய்விட்டது

ஒத்திசைவு என்பதற்கு அர்த்தமே அதுதான். ஒரு இடத்தில் செய்தது எல்லா இடத்திலும் நடக்கும். உடனே அந்தச் சேவையின் குப்பைத் தொட்டியைத் திறங்கள். ஐகிளவுட் போட்டோஸில் 'ரீசென்ட்லி டெலீட்டட்' 30 நாள் வைத்திருக்கும். கூகுள் போட்டோஸ் பேக்கப் ஆன படங்களை 60 நாள் வைத்திருக்கும். அதற்குள் என்றால் தேர்ந்தெடுத்து மீட்டால் தேதியோடு பழைய இடத்துக்கே திரும்பும். 'போனில் இடம் இல்லை' என்பதற்காக அழிக்கப் போகிறவர்கள் கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பயன்படுத்துங்கள். அது போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும், கணக்கில் உள்ளதைத் தொடாது.

குப்பைத் தொட்டியிலும் இல்லையென்றால் பழைய லேப்டாப், மாற்றிய போன், அந்தப் படத்தை நீங்கள் யாருக்கோ அனுப்பிய உரையாடல் என்று தேடுங்கள். நெடுநாளாக இணையம் காணாமல் மூலையில் கிடக்கும் பழைய போன் ஒன்று இருந்தால், அதைத் திறப்பதற்கு முன் வைஃபை ரூட்டரை அணையுங்கள், சிம்மையும் எடுத்துவிடுங்கள். இணையம் கிடைத்த மறுகணம் அழித்த செய்தி அதற்கும் போய்ச் சேரும். கேபிள் போட்டுப் படங்களை இறக்கிக்கொண்ட பிறகு ரூட்டரைப் போடலாம்.